மாரியாத்தா ஓட்டம்

எனக்கு ஓட வராது, ஃபாதர். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடினதில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போனால், போகட்டும், அதுவும் திரும்பித்தானே வரணும் என்று நிற்கிறவன். அதனால் ஓட்டப் பந்தய விஷயத்தில் என்னைக் கூப்பிட்டு, கதவையும் சாத்திவிட்டு நீங்கள் உட்கார்ந்திருப்பது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. கிளமென்ட் வந்து ஏதோ சொல்லியிருக்கிறான் என்று தெரிகிறது. அவன் நல்ல பையன்தான். ஆனால் எதையும் முழுக்கச் சொல்ல வராது, நடுவில் அழுதுவிடுவான். நான் அழாமல் சொல்கிறேன். நான் உங்கள் மதம் இல்லை என்பதால் மண்டியிட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். இந்த நாற்காலியே வசதியாக இருக்கிறது.

அடைக்கலத்தை உங்களுக்குத் தெரியும். அவனுக்குக் கான்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்ததே நீங்கள்தான். ஜீயபுரத்து வாழைத்தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, நம் ஹாஸ்டல், பி.ஏ. கடைசி வருஷம், முகமெல்லாம் அம்மைத் தழும்பு. விடிந்தும் விடியாமலும் எழுந்து ஓடுவான். காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் வந்து எங்கள் தெரு வழியாகத்தான் திரும்புவான். அப்பா காபிப்பொடிக் கடையைத் திறக்கிற நேரம் அது. "அந்தப் பையனப் பாரு, நீயும் இருக்கியே" என்பார். தினமும் என்பார். இதை நான் ஒரு காரணமாகச் சொல்லவில்லை. சொல்லப்பட்டது என்பதற்காகச் சொல்கிறேன்.

சனிக்கிழமையானால் கரூர் ரோட்டில் ஜீயபுரம்வரை ஓடியே வீட்டுக்குப் போவான். மைல்கல்லைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கல் நட்டுக்கொண்டிருக்கிறார்களே, அதனால் எவ்வளவு தூரம் ஓடினோம் என்பதில் அவனுக்கே குழப்பம். "எவ்வளவோ ஓடினேன்ப்பா" என்பான். இப்படிப் பேசுகிறவனை வைத்து என்ன செய்ய முடியும். எழுதத்தான் முடியும்.

நம் கல்லூரியில் 'கொசு' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை சுற்றுவது உங்களுக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதை நடத்துவது நான். அதில் ரயில்வே அறிவிப்புப் போல ஒன்று எழுதினேன். 'ஜீயபுரத்திலிருந்து புறப்படும் அடைக்கலம் பாசஞ்சர், கரி தீர்ந்தபடியால் குடமுருட்டிப் பாலத்தில் காலவரையின்றி நிற்கும். மூன்றாம் வகுப்புப் பயணிகள் இறங்கித் தள்ளவும். வண்டி ஆவி விடும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளவும்.' ஹாஸ்டலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சமையற்காரர்கூடச் சிரித்தார், அவருக்குப் படிக்கத் தெரியாது.

மறுநாள் அடைக்கலம் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

"ராமரு, நீதானே எழுதினது?"

"ஆமாம்."

"ரொம்ப தேங்க்ஸ்ப்பா. எம் பேர இதுவரைக்கும் யாரும் எழுதினதில்ல. அந்தப் பக்கத்தக் கிழிச்சுக் குடுக்கிறியா? அம்மாகிட்டக் காட்டணும்."

குத்தலாகச் சொல்கிறானா என்று முகத்தை நன்றாகப் பார்த்தேன். தழும்புகளைத் தவிர ஒன்றும் இல்லை. கிழித்துக் கொடுத்தேன்.

நீங்கள் பிரசங்கம் செய்கிறவர், ஃபாதர். பாவிகளைக் கண்டித்து ஒரு மணி நேரம் பேசி முடித்ததும், பாவிகள் எல்லாரும் வரிசையாக வந்து, எங்களை ஞாபகம் வைத்துக்கொண்டீர்களே என்று உங்கள் கையைக் குலுக்கினால் எப்படி இருக்கும். எனக்கு அப்படி இருந்தது. என்னை அதற்குமுன் யாரும் அவமானப்படுத்தினதில்லை.

அதற்குப் பிறகு நான் அவனோடு சிநேகமானேன். எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். ஒருத்தனுக்கு எங்கே வலிக்கும் என்று தெரியாமல் அவனைப் பற்றி எழுதினால் இப்படித்தான் ஆகும் என்று எனக்குப் புத்தி வந்திருந்தது. அவன் ஓடுவான், நான் சைக்கிளில் பின்னாலேயே போவேன். ஹாண்டில்பாரில் தண்ணீர்ப் புட்டி கட்டியிருப்பேன். நல்ல ஜோடி என்று நீங்களே ஒருநாள் சொன்னீர்கள்.

அவனுக்கு வலிக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஜில்லா தேர்வு ஓட்டம். அதில் முதலில் வருகிறவன் ஒருத்தனை மட்டும் மெட்ராஸுக்கு அனுப்புவார்கள், அங்கே தேறினால் டில்லி. போன வருஷம் இவன் இரண்டாவது. முதலில் வந்தவனின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தானாம், அந்தப் பனியனில் இருந்த கிழிசல்கூட ஞாபகம் இருக்கிறது என்பான். இந்த வருஷத்தோடு படிப்பு முடிகிறது. முடிந்தால் வாழைத்தோட்டம். அதற்கப்புறம் ஓடுகிறேன் என்றால் ஊரில் பைத்தியம் என்பார்கள். "இந்த ஒரு தடவதான்ப்பா. மெட்ராஸ் போயிட்டா போதும். கடல்ல கால நனைச்சுட்டு வந்து, அப்புறம் மண்வெட்டி தூக்கச் சொன்னா தூக்கிக்கிறேன்." இதைச் சொல்லும்போது மட்டும் குரல் வேறு மாதிரி ஆகும்.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். முத்தரசநல்லூர் டீக்கடையில் நின்று என் புட்டியிலிருந்து குடித்துக்கொண்டே சொன்னான்: "டிரில் மாஸ்டரு ஓடுறப்பத் தண்ணி குடிக்காதே, வயிறு கனக்கும்ங்கிறாரு. எனக்கு அப்படி இல்லப்பா. ரெண்டு வாய் உள்ள போனா காலு புதுசாயிடுது. குடிக்காட்டிக் கண்ணு இருட்டிக்கிட்டு வருது. ஒரு நாளு குடமுருட்டிக்கிட்ட விழுந்தே போயிட்டேன்." நான் கேட்டுக்கொண்டேன்.

மாசி முடிகிற சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டான். கோட்டை ஸ்டேஷனில் ரயிலேறிப் போனேன். அவனுக்கு அப்பா இல்லை. அம்மா மயிலம்மாள், கறுத்து மெலிந்த மனுஷி, மஞ்சள் புடவை. கூடத்தில் சமயபுரத்தாள் படம், அதற்குப் பக்கத்தில் என் 'அடைக்கலம் பாசஞ்சர்' ஒட்டியிருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். 'மூக்கைப் பொத்திக்கொள்ளவும்' என்ற வரியின்மேல் குங்குமம். அதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

எங்களுக்குப் பரிமாறிவிட்டு அந்த அம்மா ஒரு டம்ளர் நீர்மோரோடு ஓரமாக உட்கார்ந்தது. சமயபுரத்தில் அது அம்மன் பட்டினி கிடக்கிற மாசம் அல்லவா. ஜனங்களுக்காக அவளே விரதம் இருக்கிறாள் என்பது ஐதீகம், மோரும் பானகமும் துள்ளுமாவும்தான் படையல். "ஆத்தாளே பட்டினி கெடக்கிறப்ப எனக்கென்ன சோறு" என்றது. அடைக்கலம் சாப்பிட்டுவிட்டு எனக்கு எடுத்துப்போக ஒரு சீப்புப் பழம் வெட்டக் கொல்லைப் பக்கம் போனான். அப்போதுதான் அந்த அம்மா கேட்டது.

"ஏந் தம்பி, இந்த மாரியாத்தா ஓட்டம் என்னைக்குங்க?"

"எந்த ஓட்டம்மா?"

"அதாங்க, இவன் ஓடுறானே. சத்திரத்துலேர்ந்து டோல்கேட்டு தாண்டி சமயபுரத்து ரோட்டுல போறதாமே. மாரியாத்தா ஓட்டம்."

மாரத்தான். மூன்று வருஷமாக அவன் மாரத்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான், அந்த அம்மா காதில் மாரியாத்தா என்று விழுந்துகொண்டிருக்கிறது. சமயபுரம் ரோடு வேறு. அறுவடைக்குக்கூட நிற்காமல் ரோட்டில் ஓடுகிற பிள்ளையை எந்தக் குடியானவத் தாயும் வீட்டில் சேர்க்க மாட்டாள். ஆத்தாவுக்கு ஓடுகிறான் என்றுதான் இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்திருக்கிறது.

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பான், திருத்தியிருப்பான். நான் எழுதுகிறவன். ஆயுசுக்கு ஒரு தடவை கிடைக்கிற ஹாஸ்யம், சாப்பாட்டு இலைக்கு முன்னால் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைத் திருத்துவது பாவம் என்று எனக்குப் பட்டது.

"பங்குனியிலங்கம்மா. இன்னும் ரெண்டு வாரம்."

"இதுக்கு என்ன விரதங்க தம்பி? இவனக் கேட்டா முட்ட திங்கணுங்கிறான். ஆத்தாவுக்கு ஓடுறவன் முட்ட திம்பானா? நீங்க படிச்சவங்க, அச்சடிச்ச மாதிரி எழுதுறவங்க, சொல்லுங்க."

"இப்ப முட்டை தின்னாத் தப்பில்லைம்மா. ஓடுற அன்னைக்கு மட்டும், கிளம்பினதுலேர்ந்து திரும்பி வந்து சத்திரத்து எல்லையத் தொடுற வரைக்கும் வாயில சொட்டுத் தண்ணி படக்கூடாது."

"பட்டுட்டா?"

"அது உங்களுக்குத் தெரியாததா."

அந்த அம்மா தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டது. அப்புறம் சொன்னது: மூன்று பிள்ளைகளாம், மூன்றுக்கும் ஒரே சமயத்தில் அம்மை போட்டதாம். இரண்டை எடுத்துக்கொண்டு இவனை மட்டும் விட்டாளாம். "இது அவ போட்ட பிச்சைங்க தம்பி. அவ சொல்லுக்கு மாறினா என்கிட்ட என்ன இருக்கு?"

நான் யோசித்துச் சொன்னதில்லை, ஃபாதர். வாயில் வந்தது. ஒரு விதத்தில் அது நம் டிரில் மாஸ்டரின் அபிப்பிராயம்தான், அதை அம்மன் பேரில் மாற்றி எழுதினேன், அவ்வளவே. டிரில் மாஸ்டரை யாரும் விசாரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அடைக்கலம் வந்தான். கையில் மஞ்சள் கயிறு.

"அம்மாகிட்ட ஏண்டா அப்படிச் சொன்னே?"

"விளையாட்டுக்கு."

"தலையில கை வச்சு சத்தியம் வாங்கிட்டாங்கடா."

கோபம் வந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை. அவன் கவலைப்பட்டான், அவ்வளவுதான். வேண்டுமானால் நானே ஜீயபுரம் போய், அது சும்மா சொன்னதும்மா என்று சொல்லிவிடுவதாகச் சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன். அவன் நகத்தைக் கடித்தான்.

"வேணாம்ப்பா. ஒண்ணச் சொன்னா எல்லாம் வெளிய வரும். அது மாரியாத்தா இல்லன்னு தெரிஞ்சா அம்மா ஓடவே விடாது. மூணு வருசமா எனக்கும் தெரியும். திருத்தல. என்மேலயும் தப்பு இருக்கு."

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் கேட்டேன், அவன்தான் வேண்டாம் என்றான்.

பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டான்: "ஓடுறப்ப ஒரு வாய் குடிச்சுக்கிட்டா யாருக்குத் தெரியும்? எங்கம்மா பாலத்துக்கு அந்தாண்ட சத்திரத்துலதான் நிக்கும்."

"மாம்பழச்சாலையில தண்ணிப் பானையோட நிக்கப்போறதே நான்தானே" என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "நீ இருக்கியே, அது போதும்" என்று என் முதுகில் தட்டினான். நான் குடிக்கலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. நான் நிற்கப்போவது உண்மை.

ஓட்டத்தன்று வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவதாகத்தான் ஏற்பாடு. கொடியசைக்க வேண்டிய பிரமுகர் இட்லி சாப்பிட்டு, மாலை போட்டுக்கொண்டு, இளைஞர்களும் தேசமும் என்று பேசி முடிப்பதற்குள் தார் இளக ஆரம்பித்துவிட்டது. இந்தத் தாமதத்துக்கும் நான் பொறுப்பில்லை. சத்திரத்தில் கிளம்பி, காவிரிப் பாலம், மாம்பழச்சாலை, திருவானைக்காவல், கொள்ளிடப் பாலம், டோல்கேட், அப்படியே சிறுகனூர்வரை போய் அதே வழியில் திரும்ப வேண்டும். மாம்பழச்சாலையில் வேப்பமரத்தடியில் பானையும் டம்ளருமாக நானும் கிளமென்ட்டும் நின்றோம். போகும்போது அடைக்கலம் நிற்கவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனான். அவனுக்குக் கண் சிமிட்டத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கமும் தண்ணீர் வைத்திருந்தார்கள். அங்கே தெரியாத முகங்கள், ரோடெல்லாம் சமயபுரத்துக்கு நடக்கிற கூட்டம். ஜீயபுரத்து ஆட்கள் யாராவது இருப்பார்கள் என்று பயந்து அவன் ஒரு சொட்டும் தொடவில்லை. இதை அங்கே நின்ற பையன்கள் பிற்பாடு சொன்னார்கள். எனக்காகத்தான் வைத்திருந்தான் என்று தெரிகிறது.

திரும்பும்போது அவன்தான் முதல். அடுத்தவன் கண்ணுக்கே தெரியவில்லை. சைக்கிளில் முன்னால் வந்தவன், "அடைக்கலம்டா, அடைக்கலம்டா" என்று கத்திக்கொண்டே போனான். கிளமென்ட் குதித்தான். அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று நீங்கள் கேட்பீர்கள். 'கரி தீர்ந்தபடியால் காலவரையின்றி நிற்கும்' என்று நான் எழுதியிருந்தது தோன்றியது. எழுதினது தப்பாகப் போவதை எந்த எழுத்தாளனும் ரசிக்க மாட்டான்.

மரத்தடியில் வந்து நின்றான். ஓடி வந்தவனுக்கு உடம்பு நனைந்திருக்க வேண்டும். இவன் உடம்பில் ஈரமே இல்லை, உப்புப் பூத்திருந்தது. உதடு வெடித்திருந்தது. பேச வரவில்லை. இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து என் முன்னால் நீட்டினான். பாலத்தைத் தாண்டினால் சத்திரம். நடந்து போனால்கூட முதலில் வந்துவிடலாம்.

கிளமென்ட் டம்ளரில் மொண்டுவிட்டான். "குடுடா, குடுடா சீக்கிரம்."

டம்ளரை நான் வாங்கிக்கொண்டேன். மரத்தடியில் சமயபுரம் போகிற பெண்கள் ஒரு பத்திருபது பேர் இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் புடவை, கையில் வேப்பிலை, ஒருத்தி தலையில் பூத்தட்டு. நான் அவர்கள் பக்கம் திரும்பி, கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

"இவரு ஆத்தாவுக்கு ஓடுறாரும்மா. பட்டினி விரதம். எல்லை தொடுற வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டாரு."

அவ்வளவுதான் நான் சொன்னது. கிளமென்ட் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் அது மிகை. நான் தண்ணீரைக் கொட்டவில்லை, அவனைத் தள்ளவில்லை. டம்ளர் கையிலேயே இருந்தது, எட்டிப் பிடுங்கியிருக்கலாம்.

அந்தப் பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி குலவை போட்டாள், உடனே எல்லாரும் போட்டார்கள். "தாயே, மகமாயி." ஒரு கிழவி வந்து அவன் ஷூவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், நீங்கள் வாங்கிக்கொடுத்த ஷூ. இன்னொருத்தி, "எந்த ஊருப்பா? அவ உன்னக் கைவிட மாட்டா, போ சாமி" என்று வேப்பிலையால் அவன் முகத்தை வருடினாள். நீட்டிய கை அப்படியே இருந்தது. பிறகு மெதுவாக அது கும்பிடுகிற கையாக மாறியது. அவர்கள் தங்களைத்தான் கும்பிடுகிறான் என்று நினைத்து இன்னும் குலவை போட்டார்கள்.

அப்போது அவன் என்னைப் பார்த்தான். நான் எழுதினது எதுவும், சொன்னது எதுவும் அதுவரைக்கும் அவனுக்குப் புரிந்ததில்லை. இது புரிந்தது. முகத்தில் தெரிந்தது. மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் அடைக்கலம் எனக்கு வாசகன் ஆனான்.

அவன் ஓடினான். பாதிப் பாலம்வரை நேராக ஓடினான், அதற்கப்புறம் கைப்பிடிச் சுவர்ப் பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனான். விழுந்த இடத்திலிருந்து அவன் அம்மா நின்ற இடம் தெரியும். அந்த அம்மாவுக்கும் அவன் தெரிந்திருப்பான். வருகிறான், வருகிறான் என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்ததாம். பின்னால் வந்தவன் அவனைத் தாண்டிக்கொண்டு போய் மெட்ராஸுக்குத் தேர்வானான். ஆஸ்பத்திரியில் தலையில் ஐஸ் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடிந்துவிட்டது. வெயில் என்று டாக்டர் எழுதினார். நான் அவரோடு வாதாடவில்லை.

குடித்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்கிறீர்கள். பிழைத்திருப்பான். அது எனக்கு அப்போதே தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். முத்தரசநல்லூரில் அவனே சொல்லியிருந்தானே. சாவான் என்று நினைக்கவில்லை, விழுவான் என்று நினைத்தேன். பாலத்தில் விழுவான் என்றே நினைத்தேன். இதை நீங்கள் எந்த வார்த்தையில் எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். நேற்று ஜீயபுரம் போயிருந்தேன். துக்கத்துக்கு வந்தவர்கள் வீடு நிறைய. மயிலம்மாள் என்னைக் கண்டதும் எழுந்து வந்து, கையைப் பிடித்து ஓரமாக அழைத்துக்கொண்டு போனது. அழவில்லை.

"தம்பி, நெசத்தச் சொல்லுங்க. வழியில தண்ணி குடிச்சானா?"

குடிக்கவில்லை என்றால், சொல்லைக் காப்பாற்றின பிள்ளையை அவளுடைய ஆத்தா கொன்றுவிட்டாள் என்றாகிறது. அதற்கப்புறம் அந்தக் கூடத்துப் படத்தை அந்த அம்மா எப்படிப் பார்க்கும். இந்த வயசில் அப்படி ஒரு கஷ்டத்தைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"குடிச்சாம்மா" என்றேன். "நான்தான் குடுத்தேன்."

திட்டும் என்று காத்திருந்தேன். அந்த அம்மா என் வலது கையைப் பிரித்து, உள்ளங்கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

"தாகத்தோட போவல எம் புள்ள. ஆத்தா கெடக்குறா, அவ கோவிச்சுக்கிட்டாக் கோவிச்சுக்கட்டும். தவிச்ச வாய்க்கு ஊத்துனியே, நீ நல்லா இருப்பேப்பா."

வருகிறபோது ஒரு சீப்புப் பழமும் கொடுத்தனுப்பியது. அதனால்தான் சொல்கிறேன், கிளமென்ட்டைக் கூப்பிட்டு, அங்கே போய் எதையும் உளற வேண்டாம் என்று கண்டித்துவையுங்கள். அந்த அம்மா நிம்மதியாக இருக்கிறது, அதைக் கொடுத்தவன் நான். எனக்குக் கெட்ட எண்ணம் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனே, ஃபாதர்.